ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடுகிறீர்களா? எங்கே முட்டுகிறது என்று பார்த்துச் சரிசெய்ய ஒரு வழிகாட்டி

என் மகள் கட்டிக்கொண்டது ஒரு ஸ்காட்லாந்துக்காரரை. பேத்தியின் பள்ளியில் வம்சாவளி வரைந்து வரச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தை நான் வாயாலேயே ஐந்து தலைமுறை சொல்லிவிட்டேன். சாட்சிக்குத் துண்டுக் காகிதம் கிடையாது. சம்பந்தி வீட்டில் நேர்மாறு. தாத்தாவுக்கு மேலே யார் பெயரும் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் இருநூறு வருடத்துக் காகிதம் எடின்பரோவில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காகிதங்களைத் தேடி நான்கு வருடம் முட்டி மோதியதில் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். மருமகன், மருமகள் வழியில் தேடுபவர்களுக்கும், பழைய மதராஸிலோ இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலோ வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரரின் வழியில் வந்தவர்களுக்கும் உதவும்.

அடிப்படை மூன்றுதான். 1855 ஜனவரி 1 முதல் அரசாங்கப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு. அதற்கு முன்பு ஸ்காட்லாந்து திருச்சபையின் பழைய பாரிஷ் பதிவேடுகள். மிகப் பழையது பெர்த்ஷயரின் எரோல் பாரிஷில் 1553இல் தொடங்குகிறது. பாரிஷ் என்றால் நம் ஊர் கத்தோலிக்கர் ‘பங்கு’ என்பதும் தென்மாவட்ட சி.எஸ்.ஐ.காரர் ‘சேகரம்’ என்பதும் போன்ற ஒன்று. மூன்றாவது, 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்கு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நூறு வருடம் மூடி வைப்பார்கள் என்பதால் இப்போதைக்கு 1921 வரைதான் திறந்திருக்கிறது. மூன்றையும் ஸ்காட்லாந்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம். அட்டவணையில் தேட இலவசம். பக்கத்தின் படத்தைத் திறக்க, காசு கொடுத்து வாங்கும் கிரெடிட்டில் 6 போகும். அதனால் திறக்கும் முன் யோசிப்பது பணத்துக்கும் நல்லது.

எங்கே முட்டினாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்தக் காகிதத்தை எழுதியவர் யார், எதற்காக எழுதினார்? நம் கொள்ளுப்பேரன் படிப்பான் என்று நினைத்து எவரும் எழுதவில்லை.

ஒரே பெயரில் ஐம்பது பேர் வருகிறார்கள்

ஸ்காட்லாந்தில் பெயர்ப் பஞ்சம். ஒரே பாரிஷில் ஒரே வருடத்தில் ஒரே பெயரில் நான்கு பையன்களுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கும். புதிதாகத் தேடுபவர்கள் வயது சுமாராகப் பொருந்தும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய பாட்டன் பூட்டன் வரை ஏறிவிடுகிறார்கள். நானும் இரண்டு மாதம் வேறொருவர் குடும்பத்தில் குடித்தனம் செய்தேன்.

உங்களுக்குக் கைகொடுப்பது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். ஸ்காட்லாந்துச் சட்டப்படி பெண் திருமணமானாலும் தன் பெயரை இழப்பதில்லை. கல்லறைக் கல்லில்கூடப் பிறந்த வீட்டுப் பெயரையே பொறிப்பார்கள். 1855க்குப் பிந்தைய திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும், தாய்மாரின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட, இருக்கும். இறப்புப் பதிவிலும் அப்படியே. இங்கிலாந்துப் பதிவுகளில் மாட்டிக்கொண்டு தவித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அதனால் பிறப்பிலிருந்து தொடங்காமல் இறப்பிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் 1855இல் 85 வயதில் இறந்திருந்தால், அந்த ஒரு பதிவே 1770ஐ ஒட்டி வாழ்ந்த அவருடைய பெற்றோரின் பெயரைச் சொல்லிவிடும். பழைய பாரிஷ் ஏட்டுக்கு இதைவிட நல்ல பாலம் கிடையாது. ஒரு எச்சரிக்கை: பதிவாளரிடம் விவரம் சொன்னவர் யார் என்று பாருங்கள். மகன் சொன்னதென்றால் பாட்டி பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும். வாடகைக்கு அறை கொடுத்தவர் சொன்னதென்றால் பாதி ஊகம்.

1855ஆம் வருடப் பதிவில் உங்கள் குடும்பத்தார் ஒருவர் கிடைத்தால் நல்ல காலம். முதல் வருடம் என்பதால் பதிவாளர்களிடம் ஏகப்பட்ட கேள்விகளைக் கொடுத்திருந்தார்கள். பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணமான நாள், இடம், குழந்தையின் அண்ணன் அக்காமார் எத்தனை பேர் என்பது வரை இருக்கும். எழுதி எழுதிக் கை ஓய்ந்ததோ என்னவோ, 1856இல் பெரும்பாலானதை எடுத்துவிட்டார்கள். 1861இல் பெற்றோரின் திருமண விவரம் மட்டும் பிறப்புப் பதிவுக்குத் திரும்பி வந்தது. ஆகவே நேர் முன்னோர் 1858இல் பிறந்திருந்தால், 1855இலோ 1861க்குப் பிறகோ பிறந்த அவருடைய உடன்பிறப்பின் பதிவைத் திறங்கள். செலவு அதே 6 கிரெடிட்தான்.

இன்னொரு துப்பு பெயர் வைக்கும் முறை. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூன்றாமவனுக்கு அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா, அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா, மூன்றாமவளுக்கு அம்மா. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’தான் என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லாக் குடும்பமும் கடைப்பிடித்த சட்டமில்லை. சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாயலாம் என்று காட்டும், அவ்வளவே. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் வந்தால் குழம்ப வேண்டாம். முதல் குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்ததற்கு வைப்பது வழக்கம்.

உடன்பிறந்தார் அத்தனை பேரையும் ஒரே மூச்சில் பார்க்க ஃபேமிலிசர்ச் தளம் வசதி. குழந்தை பெயரை விட்டுவிட்டு அப்பா, அம்மா பெயரை மட்டும் போட்டுத் தேடலாம். காசும் இல்லை.

தேடினால் ஒன்றுமே வரவில்லை

முதலில் எழுத்துக்கூட்டல். பதிவாளர் காதில் விழுந்ததை எழுதினார். பெயர் சொன்னவருக்குப் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. ‘மேக்’, ‘மெக்’, வெறும் ‘எம்’ எழுத்தோடு ஒரு மேற்கோள் குறி என்று ஒரே குடும்பம் மூன்று வேடத்தில் நிற்கும். நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும், கேள்விக்குறி ஒரே ஒரு எழுத்துக்கும் நிற்கும். உயிரெழுத்து இருக்கும் இடமெல்லாம் இவற்றைப் போட்டுத் தேடுங்கள். மென்சீஸ் என்று நாம் படிக்கும் பெயரை அந்த ஊரில் ‘மிங்கிஸ்’ என்பார்கள். பழைய ஸ்காட் எழுத்து ஒன்றை அச்சுக்காரர்கள் இசட் ஆக்கியதால் வந்த வினை. காதால் கேட்டு எழுதிய கணக்கெடுப்பாளர் எப்படி எழுதியிருப்பார் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது முதற்பெயர். மேற்குத் தீவுகளிலும் மலைநாட்டிலும் மக்கள் பேசியது கேலிக். ஏட்டில் எழுதியது ஆங்கிலம். இடையில் போதகர் மனம் போன போக்கில் மொழிபெயர்த்தார். டொனால்ட் ஒரு கணக்கில் டேனியல் ஆவார். பீட்டரும் பேட்ரிக்கும் ஒரே ஆள். ஒய்ரிக் என்ற கேலிக் பெயர்க்காரி ஒரு ஏட்டில் எஃபி, அடுத்ததில் யூஃபீமியா, இன்னொன்றில் ஹென்ரியேட்டா. ஜீன், ஜேன், ஜேனட், ஜெஸ்ஸி ஆகிய நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுப் பார்க்காமல் ‘இல்லை’ என்று சொல்லாதீர்கள். என் சம்பந்தி அம்மாளின் பூட்டி மூன்று குடிக்கணக்கில் மூன்று பெயரில் இருந்தார். முன்பின் மாறாமல் கூடவே இருந்தது ஐந்து பிள்ளைகளின் வரிசை. அதை வைத்துத்தான் பிடித்தோம்.

மணமான பெண்ணின் இறப்பைப் புகுந்த வீட்டுப் பெயரிலும் பிறந்த வீட்டுப் பெயரிலும் தேடலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கூட்டம் சட்டென்று குறையும்.

கடைசியாக ஊர். கிர்க்மைக்கேல் என்ற பாரிஷ் பெர்த்ஷயரில் உண்டு, ஏர்ஷயரில் உண்டு, டம்ஃப்ரீஸ்ஷயரிலும் பான்ஃப்ஷயரிலும்கூட உண்டு. ஒவ்வொரு பாரிஷுக்கும் ஓர் எண் இருக்கிறது: எடின்பரோ 685, கிளாஸ்கோ 644. பெயரைவிட எண்ணைக் குறித்து வைப்பது பாதுகாப்பு.

1855க்கு முன் ஞானஸ்நானப் பதிவே இல்லை

இங்கேதான் எழுதியவர் யார் என்ற கேள்வி கட்டாயமாகிறது. எழுதியவர் ஸ்காட்லாந்து திருச்சபையின் எழுத்தர். எழுதினால் கூலி உண்டு. அதைக் கொடுக்க வேண்டியது குழந்தையின் அப்பா. எட்டுப் பிள்ளை பெற்ற நெசவாளி ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நம் தவறு. ஞானஸ்நானம் நடந்திருக்கும், பதிவு இருக்காது.

1783இல் அரசாங்கம் இதன் மேல் வரி வேறு போட்டது: பதிவு ஒன்றுக்கு மூன்று பென்ஸ். ஏழைப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. 1794இல்தான் நீக்கினார்கள். அந்தப் பதினொரு வருடத்தில் பிறந்தவரைக் காணவில்லை என்றால் உங்கள் தேடலில் பிழை இல்லாமலேகூட இருக்கலாம். 1782க்கு முன்போ 1795க்குப் பிறகோ பிறந்த உடன்பிறப்பைத் தேடுங்கள்.

குடும்பம் வேறு சபைக்குப் போயிருக்கவும் கூடும். 1733இல் ஒரு பிரிவு, 1761இல் ரிலீஃப் சபை, 1843இல் பெரும் பிளவு. அந்த 1843இல் நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஒரேயடியாக வெளியேறி சுதந்திரத் திருச்சபையை அமைத்தார்கள். அவர்களோடு போன குடும்பங்களை அதன் பிறகு பழைய பாரிஷ் ஏட்டில் தேடுவது, குடி மாறிப் போனவரைப் பழைய வீட்டுக் கதவில் தட்டுவதுதான். 1843 வரை பிள்ளைகள் வரிசையாக வந்து அதன்பின் சட்டென்று நின்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கத்தோலிக்கப் பதிவேடுகளும் பிரிந்த சபைகளின் ஏடுகளில் பலவும் அதே தளத்தில் தனிப் பிரிவாக உள்ளன. தேடும்போது அந்தப் பெட்டியையும் தொட வேண்டும்.

குடிக்கணக்கில் வயது ஒத்துவரவில்லை

1841ஆ என்று பாருங்கள். அந்த வருடம் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆனார்.

கணக்கிட்டுக் காட்டுகிறேன். 1841 ஜூன் 6 இரவு எடுத்த கணக்கில் ஒருவருக்கு 35 என்றிருக்கிறது. உண்மை வயது 35 முதல் 39க்குள். அப்படியானால் பிறந்தது 1801 ஜூனுக்கும் 1806 ஜூனுக்கும் இடையில். அதே ஆள் 1851 மார்ச் 30 கணக்கில் 47 என்கிறார். அதன்படி 1803 மார்ச் கடைசிக்கும் 1804 மார்ச் கடைசிக்கும் இடையில். பத்து வருடத்தில் பன்னிரண்டு வயது கூடியதாகத் தெரிந்தாலும் இரண்டும் முரண்படவில்லை. ஐந்து வருட இடைவெளி ஒரு வருடமாகச் சுருங்கிவிட்டது. இப்போது பாரிஷ் ஏட்டைத் திறக்கலாம்.

1841இல் இன்னும் இரண்டு குறை. வீட்டிலிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று எழுதவில்லை. மனைவி என்று நாம் நினைப்பவர் தங்கையாக இருக்கலாம். பிறந்த இடத்துக்கு, அதே கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை மட்டும்தான். அயர்லாந்து, இங்கிலாந்து, வெளிநாடு என்றால் ஓர் எழுத்து. பாரிஷ் பெயர் 1851இலிருந்துதான் வருகிறது. 1841ஐ மட்டும் நம்பிக் குடும்பம் கட்டாதீர்கள்.

குடிக்கணக்கில் ஆளையே காணோம்

ஃபைஃப் கவுன்டியா? கிர்க்கால்டி, கூப்பர், ஆக்டர்மக்டி, கிங்ஹார்ன் உள்ளிட்ட சில பாரிஷ்களின் 1841 ஏடுகள் தொலைந்தே போயின. அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், 1851க்குத் தாவுங்கள்.

மற்றபடி, அந்த ஒரு இரவில் யார் எங்கே படுத்திருந்தார் என்பதுதான் குடிக்கணக்கு. மீனவர் கப்பலில் இருப்பார். பதினான்கு வயதுப் பெண் ஏதாவது பண்ணையில் வேலைக்காரியாக இருப்பாள். பிள்ளை பெறப் போன மகள் அம்மா வீட்டில் இருப்பாள், நம் வீடுகளில் போலவே.

கடல் கடந்து போனவர் என்றால் அங்கேதான் தேட வேண்டும். இலங்கையில் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 1835இல் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர். 1852இல் இலங்கைக்குப் போய் 1892இல் அங்கேயே இறந்தார். ஆக 1861 முதல் எந்த ஸ்காட்லாந்துக் கணக்கிலும் அவரைத் தேடுவதில் பொருளில்லை. இப்படிப்பட்டவருக்கு 1841, 1851 இரண்டே வாய்ப்புதான். சென்னை எழும்பூரில் 1821இல் கட்டி முடித்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கைப் பார்த்தவர்களுக்கு மதராஸில் எத்தனை ஸ்காட்லாந்துக்காரர் இருந்திருப்பார்கள் என்று தெரியும். அந்த மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை மதராஸுக்குரியது. இலங்கை 1802 முதல் தனிக் குடியேற்ற நாடு என்பதால் தேயிலைத் தோட்டக்காரர்களை இந்த வரிசையில் எதிர்பார்க்காதீர்கள்.

திருமணப் பதிவு இரண்டு கிடைக்கிறது, அல்லது ஒன்றுமே இல்லை

இரண்டு கிடைத்தால் பெரும்பாலும் இரண்டும் சரி. பாரிஷ் ஏட்டில் இருப்பது பல நேரம் திருமணமே இல்லை, ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோவிலில் முன்கூட்டி வாசிக்கும் அறிவிப்பு. மணமகன் பாரிஷிலும் மணமகள் பாரிஷிலும் ஓலை வாசிப்பார்கள். இரண்டிலும் தனித்தனித் தேதி விழும். ஓலை வாசித்தபின் கல்யாணம் நின்றுபோனதும் உண்டு. அதனால் முதல் குழந்தையின் ஞானஸ்நானத்தைப் பார்க்கும் வரை ஓலையைக் கல்யாணமாக எண்ண வேண்டாம்.

ஒன்றுமே இல்லை என்றால், அவர்கள் திருச்சபையை அழைக்காமலே கணவன் மனைவி ஆகியிருக்கலாம். நாங்கள் இருவரும் தம்பதி என்று இருவரும் ஒப்புக்கொண்டு சொன்னாலே ஸ்காட்லாந்தில் அது செல்லுபடியான திருமணம். இந்த முறை 1940 ஜூலை 1 வரை இருந்தது. திருச்சபைக்கு இது பிடிக்காது, ஆனால் தடுக்க முடியாது. ஆகவே தம்பதியை மூப்பர் கூட்டத்தின் முன் நிறுத்திக் கண்டித்து, அபராதம் வாங்கி, கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்கும் ஜீன் ஆர்மருக்கும் நடந்தது இதுவே. 1788 ஆகஸ்டில் மாக்லின் கிராமத்து மூப்பர்கள் முன்னால் இருவரும் நின்று தங்கள் முறையற்ற திருமணத்தை ஒப்புக்கொண்டார்கள். பர்ன்ஸ் ஏழைகளுக்காக ஒரு கினி பணம் கொடுத்தார். திருமணப் பதிவு இல்லையென்று கைவிடும் முன் அந்தக் குறிப்பேட்டைப் புரட்ட வேண்டியது ஏன் என்று புரிகிறதல்லவா? 1855க்குப் பிறகு என்றால் ஷெரிஃப் என்ற நீதிபதியின் உத்தரவின்பேரில் பதிவானதாக ஒரு வரி இருக்கும்.

1855க்கு முந்தைய இறப்பு கிடைக்கவில்லை

பெரும்பாலும் கிடைக்காது. பல பாரிஷ்களில் இறப்பை எழுதவே இல்லை. சவத்தின் மேல் போர்த்தும் துணியைத் திருச்சபை வாடகைக்கு விட்டது. அந்த வரவுக் கணக்கில் பெயரும் தேதியும் இருக்கும். அடுத்து கல்லறைக் கல். அதற்கு மேல் மெனக்கெட நான் சொல்ல மாட்டேன்.

கையெழுத்து படிக்க முடியவில்லை

புரியாத சொல்லை முறைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு அதே பக்கத்தில் மாதப் பெயர்களைத் தேடுங்கள். ஜனவரி, ஆகஸ்ட் என்று நமக்கு விடை தெரிந்த சொற்களிலிருந்து அந்த எழுத்தர் ஒவ்வொரு எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்று பிடித்துக்கொள்ளலாம். பெயர் தொடக்கத்தில் எஃப் இரட்டையாக இருந்தால் அது பெரிய எஃப், அவ்வளவுதான். ‘ரெலிக்ட்’ என்றால் கைம்பெண். ‘ஃப்ளெஷர்’ கசாப்புக்காரர், ‘பாக்ஸ்டர்’ ரொட்டி சுடுபவர், ‘ரைட்’ தச்சர்.

அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் காலி

திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை. 1855க்குப் பிறகு, அப்பா தாமே வந்து அம்மாவோடு கையெழுத்திட்டால்தான் அவர் பெயர் ஏறும். முதலில் பக்கத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். திருத்தப் பதிவேட்டைச் சுட்டும் சிறு குறிப்பு இருந்தால், பின்னால் நீதிமன்றத்தில் தந்தை இன்னார் என்று தீர்ப்பாகியிருக்கலாம். பெற்றோர் பிறகு திருமணம் செய்துகொண்டால் பிள்ளை சட்டப்படி முறையான பிள்ளையாகிவிடும். அதனால் அடுத்த ஐந்தாறு வருடத்துத் திருமணங்களையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஏழை நிவாரண விண்ணப்பம். 1845ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு நிவாரணம் கேட்டு வந்தவர்களைத் துருவித் துருவி விசாரித்து எழுதினார்கள். கிளாஸ்கோ பகுதி விண்ணப்பங்கள் அங்குள்ள மிட்செல் நூலகத்தில் இருக்கின்றன. யாரை இந்தச் செலவைக் கட்டவைக்கலாம் என்பதே அதிகாரியின் நோக்கம் என்பதால் அப்பன் யார் என்று கேட்காமல் விட்டிருக்க மாட்டார்.

கடைசியில் மூப்பர் கூட்டக் குறிப்பேடு. நம் ஊர்ப் பஞ்சாயத்தை நினைத்துக்கொண்டால் போதும். இவையும் அதே தளத்தில் படமாக இருக்கின்றன, ஆனால் பெயர் அட்டவணை கிடையாது. பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும். குழந்தை பிறந்த தேதிக்கு மூன்று, நான்கு மாதம் முன்னாலிருந்து தொடங்குங்கள், வயிறு தெரிய ஆரம்பித்ததும் மூப்பர்கள் கூப்பிட்டிருப்பார்கள்.

எங்கள் சம்பந்தி வீட்டுக்கு அப்படித்தான் ஒரு பெயர் கிடைத்தது. பெண் வந்து ஒரு பண்ணையாளின் பெயரைச் சொல்கிறாள். அவனை அழைக்கிறார்கள், மறுக்கிறான். மூன்று வாரம் கழித்துத் தானாகவே வந்து ஒப்புக்கொள்கிறான். அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியபோது சம்பந்தி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அந்த மூன்று வாரம் அந்தப் பெண் எப்படி இருந்திருப்பாள்?” என்றார். பேத்தி பென்சிலை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் அவன் பெயரை எழுதினாள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடச் சொன்னேன், போட்டாள். அவன் ஞானஸ்நானப் பதிவு இன்னும் கிடைக்கவில்லை. 1843க்குப் பிறகு பிறந்தவன். இந்த வாரம் சுதந்திரத் திருச்சபை ஏடுகளைத் தொடங்கியிருக்கிறேன்.